கருவி படிக்காத விரல்கள்



ஆபரேஷன் தியேட்டர் மேசையில் படுத்திருப்பவருக்கு வாய் இல்லை. மயக்க மருந்து ஏறிவிட்டது. தசையைத் தளர்த்தும் மருந்தும் ஏறிவிட்டது. மூச்சுகூட அவர் வசம் இல்லை, வெண்டிலேட்டர்தான் விடுகிறது. "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று அவரால் சொல்ல முடியாது, கையை அசைத்துக் காட்டவும் முடியாது. அந்த நேரத்தில் அவருக்காகப் பேசும் முக்கியமான சாட்சிகளில் ஒன்று, விரலில் மாட்டியிருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது எண்ணாகக் காட்டும். எண் குறையக் குறைய அதன் "பீப்" ஒலியின் சுருதியும் இறங்கும். அந்தச் சுருதி மாற்றத்தைக் கேட்டதுமே மயக்க மருத்துவர் தலையைத் திருப்புவார்.

அந்த விரல் கருகியிருந்தால்? விரலே இல்லாமல் போயிருந்தால்? சாந்தும் செங்கல்லும் பிடித்துத் தோல் காய்த்துப்போயிருந்தால்? கருவியைச் செய்தவர் மனதில் இருந்த விரலுக்கும் மேசையில் இருக்கும் விரலுக்கும் சம்பந்தமே இல்லை என்றால்?

இதற்கு மருத்துவத்தில் தயாராக ஒரு பதில் இருக்கிறது: விரலில் கிடைக்காவிட்டால் காதில் பார், நெற்றியில் பார், மூக்கில் பார், கால்விரலில் பார். இவற்றை "மாற்று இடங்கள்" என்கிறார்கள். கேட்பதற்கு வெறும் தொழில்நுட்பச் சங்கதி. நம்மில் மருத்துவமும் செவிலியமும் படிக்கிற பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது என்பதுதான் என் வாதம். எந்த உடலை "இயல்பு" என்று வைத்துக்கொண்டு அளவுகோல் செய்கிறார்கள், அந்த அளவுகோலுக்குள் அடங்காத உடலுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

ஒளி போடும் கணக்கு

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு இதைப் பார்த்திருக்கிறோம், உள்ளே நடப்பதைப் பார்த்ததில்லை.

கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு விளக்குகள். ஒன்று சிவப்பு ஒளி, ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, ஏறத்தாழ 940 நானோமீட்டர். எதிர்ப்பக்கத்தில் ஒளியை வாங்கும் உணரி. ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் விட்டுவிடும், அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் இதற்கு நேர்மாறு. இரண்டு ஒளியும் எந்த விகிதத்தில் விழுங்கப்பட்டன என்று பார்த்தால் ஆக்சிஜன் சதவீதம் தெரிந்துவிடும்.

ஆனால் விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு, நகம், சிரை ரத்தம் என எல்லாமே ஒளியை விழுங்கும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்துப் பொறியாளர் தக்குவோ அயோயாகி. 1972-இல் அவர் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைச் சாயம் செலுத்தி அளக்கும் வேலையில் இருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவீட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. தொல்லையாக இருந்த அந்தத் துடிப்பையே அவர் பயன்படுத்திக்கொண்டார். ஒவ்வொரு துடிப்பிலும் புதிதாக உள்ளே வருவது தமனி ரத்தம் மட்டும்தான். துடிப்போடு சேர்ந்து மாறுகிற பகுதியை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் போதும். மாறாமல் நிற்கிற தோலும் எலும்பும் கணக்கிலிருந்து விலகிவிடும். அழகான சிந்தனை. கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த சிந்தனை. அவர் 2020 ஏப்ரலில் மறைந்தார், உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். "தோல் கணக்கிலிருந்து விலகிவிடும்" என்பது கொள்கை. நடைமுறையில் அது முழுதாக விலகவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

காதுதான் முதலில்

விரல்தான் இயல்பான இடம், மற்றவை மாற்று என்று இன்று சொல்கிறார்கள். வரலாறு அப்படி இல்லை. 1935-இல் ஜெர்மனியில் கார்ல் மத்தேஸ் இரண்டு அலைநீள ஒளியை வைத்து ஆக்சிஜனை அளந்தது காதில். இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளுக்காக கிளென் மில்லிகன் செய்த கருவியும் காதுக்குத்தான். "ஆக்சிமீட்டர்" என்ற சொல்லே அவர் கொடுத்தது. அயோயாகியின் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த முதல் கருவியும் காதில் மாட்டுவது. 1977-இல் மினோல்டா நிறுவனம்தான் விரல்நுனிக்குக் கொண்டுவந்தது. எண்பதுகளில் அமெரிக்க நிறுவனங்கள் சிறிய விளக்குகளோடு விரல் கிளிப்பைச் சந்தையில் பரப்பின. மாட்டுவது எளிது, கழற்றுவது எளிது. விரல் "இயல்பு" ஆனது இப்படித்தான்.

நான் விரல் கிளிப்பைக் குறை சொல்லவில்லை. ஒன்று இயல்பு, மற்றது மாற்று என்பது இயற்கை எழுதிவைத்த சட்டம் அல்ல என்கிறேன். வசதியும் சந்தையும் எடுத்த முடிவு அது. பச்சிளங்குழந்தைக்கு இன்றும் உள்ளங்கையிலோ பாதத்திலோதான் உணரியைச் சுற்றுகிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பாதம்தான் இயல்பான இடம். யாருடைய உடல் என்பதைப் பொறுத்துத்தான் எது இயல்பு என்பதும்.

தியேட்டருக்குள் விரல் கைவிடும் நேரம்

அறுவை நடக்கும்போது விரல் பல காரணங்களால் படிக்காமல் போகும். ஏ.சி. குளிரில் உடல் சூடு இறங்கினாலோ, ரத்தப்போக்கு அதிகமானாலோ, உடல் முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிக்கொள்ளும். மூளைக்கும் இதயத்துக்கும் கொடுத்துவிட்டு விரலை வறுமையில் விடும். துடிப்பு மங்கினால் கருவி தடுமாறும். அதே கையில் ரத்த அழுத்தப் பட்டை இறுகும்போதெல்லாம் எண் மறையும். ரத்தக்குழாயைச் சுட்டு மூடும் மின்கருவி குறுக்கிடும். நகப்பூச்சும் அடர்ந்த கறுப்பு மருதாணியும் ஒளியை மறிக்கும்.

அதைவிட முக்கியம் நேரம். நுரையீரலில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் செய்தி ரத்தத்தோடு பயணம் செய்து உணரி இருக்கும் இடத்துக்கு வந்துசேர வேண்டும். காதுக்கும் நெற்றிக்கும் சீக்கிரம் வந்துவிடும். விரலுக்குத் தாமதம், கால்விரலுக்கு இன்னும் தாமதம். உடல் குளிர்ந்து ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் விரலில் எண் இறங்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். தியேட்டரில் ஒரு நிமிடம் என்பது பெரிய காலம்.

அப்படியானால் எல்லோருக்கும் காதில் மாட்டிவிடலாமே? அவ்வளவு எளிதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குணம் உண்டு.

காது மடலில் செய்தி சீக்கிரம் வரும். ஆனால் அதற்கென்று செய்த காது கிளிப் வேண்டும். விரல் கிளிப்பை எடுத்துக் காதில் கவ்வவிட்டால் மெல்லிய மடலைச் சுற்றிக்கொண்டு ஒளி கசியும், எண் பொய்யாகும். ஒளி இப்படி ரத்தத்தைத் தொடாமல் கசியும்போது பல கருவிகள் 85 சதவீதத்தை ஒட்டி ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும். நோயாளி நன்றாக இருந்தாலும் அதே 85, மோசமாக இருந்தாலும் அதே 85.

நெற்றியில் ஒளி ஊடுருவ முடியாது, எலும்பு இருக்கிறது. அங்கே திரும்பி வரும் ஒளியைப் படிக்கும் தனி உணரி வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே ஒட்டி, அளவான இறுக்கத்தில் பட்டை கட்ட வேண்டும். அறுவைக்காகத் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்தால் சிரை ரத்தம் நெற்றியில் தேங்கும். பட்டை கட்டாவிட்டால் எண் பொய்யாகக் குறையும்.

மூக்கு மடலுக்கு உள், வெளி இரண்டு கழுத்துத் தமனிகளின் கிளைகளும் ரத்தம் கொடுக்கின்றன. கைகால் சுருங்கினாலும் அங்கே துடிப்பு நிற்கும். அதற்கும் தனி உணரிதான். கைகளை எட்டவே முடியாத அறுவையில் கால்விரல் உதவும். ஆனால் சர்க்கரை நோயால் காலில் ரத்த ஓட்டம் கெட்டவருக்கு அதுவும் கைவிடும். உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று வளையும் உணரியை வைத்துச் சமாளித்த மயக்க மருத்துவர்களும் உண்டு. உமிழ்நீரும் அசைவும் அங்கே இடைஞ்சல்.

ஆக "மாற்று இடம்" என்பது கையில் இருக்கும் கிளிப்பை எங்காவது மாட்டிப் பார்ப்பது அல்ல. அந்த இடத்துக்கென்று செய்த, அந்த இடத்தில் சோதித்த உணரி மருத்துவமனையில் இருக்க வேண்டும். அது இருக்கிறதா இல்லையா என்பதை மயக்க மருத்துவர் தீர்மானிப்பதில்லை. அறுவைக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஏதோ ஒரு கொள்முதல் கோப்பில் அது தீர்மானமாகிவிடுகிறது.

யாருக்கு விரல் கிடைப்பதில்லை?

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலை விபத்துகளை எண்ணிப் பாருங்கள். மருந்து கலக்கிற கை முதலில் எரிகிறது. முகம் எரிகிறது. உயிர் பிழைத்துத் தியேட்டருக்கு வந்தவருக்குப் பத்து விரலும் கட்டுக்குள். காதும் நெற்றியும்கூடக் கருகியிருக்கலாம். கருகிய தோலை அகற்றவும், தோல் ஒட்டவும், சுருங்கிப்போன தழும்பை விடுவிக்கவும் அவர் ஒரு முறை அல்ல, பல முறை மயக்க மருந்து வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் "எங்கே மாட்டுவது" என்ற கேள்வி எழும். அவருக்கு மாற்று இடம் என்பது உபரி வசதி கிடையாது, அவருக்கு இருப்பதே அந்த இடம்தான்.

இன்னொரு வஞ்சகமும் இங்கே உண்டு. மூடிய அறையில் புகையைச் சுவாசித்தவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். இரண்டு ஒளி மட்டுமே உள்ள சாதாரண ஆக்சிமீட்டரால் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதையும் பிரித்துப் பார்க்க முடியாது. உடல் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும், கருவி 98 என்று சிரிக்கும். எந்த இடத்தில் மாட்டினாலும் அதே பொய்தான். தமனியில் ரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

தொழுநோயில் விரல்களை இழந்தவர்கள், கதிரடிக்கும் இயந்திரத்திலும் மர அறுவை ஆலையிலும் விரலைக் கொடுத்தவர்கள், சுண்ணாம்பும் ரசாயனமும் ஊறும் தோல் தொழிற்சாலையில் நகம் சிதைந்தவர்கள், கல் உடைத்துத் தடித்த தோலோடு வருபவர்கள். தோல் தடிக்கத் தடிக்க, தழும்பு ஏற ஏற, ஒளி உள்ளே போவதும் துடிப்பு வெளியே தெரிவதும் குறையும். யார் இந்த வேலைகளுக்குத் தள்ளப்பட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தச் சமூகத்தில் வேலை சாதியால் பங்கிடப்பட்டது. வேலையின் காயமும் அப்படியே பங்கிடப்பட்டது. அந்தக் கை தியேட்டருக்குள் வரும்போது "சிக்னல் கிடைக்கவில்லை" என்ற ஒரு வரியாக மாறிவிடுகிறது.

நிறத்தின் கணக்கு

இப்போது பிறகு வருகிறேன் என்ற கதைக்கு வருவோம். ஒளியின் விகிதத்தைச் சதவீதமாக மாற்றக் கருவிக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் படுக்கவைத்து, அவர்கள் சுவாசிக்கும் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, ரத்தத்தில் 70 சதவீதம் வரை இறக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்துச் சோதித்து, கருவி காட்டும் எண்ணோடு பொருத்துவார்கள். கருவியின் அறிவு முழுவதும் அந்த மனிதர்களின் விரலில் இருந்து வந்தது. அவர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத் தோல் கொண்டவர்களாக இருந்தால்?

1990-இல் அமெரிக்காவில் ஜுப்ரான், டோபின் என்ற இரு மருத்துவர்கள், வெண்டிலேட்டரில் இருந்த நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். வெள்ளையருக்கு 92 சதவீதம் என்று காட்டினால் நம்பலாம், கறுப்பினத்தவருக்கு 95-ஐ இலக்காக வைத்தால்தான் அதே அளவு பாதுகாப்பு என்று கண்டார்கள். 2005-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் பிக்லர் குழுவினர், ஆக்சிஜன் குறையக் குறைய அடர்நிறத் தோலில் கருவி உள்ளதைவிட அதிகமாகக் காட்டுவதைத் தன்னார்வலர்களிடமே நிரூபித்தார்கள். இரண்டும் அச்சில் வந்தன. உலகம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

கொரோனா வந்தது. 2020 ஆகஸ்டில் எமி மோரன்-தாமஸ் என்ற மானுடவியலாளர் இந்தப் பழைய ஆய்வுகளைத் தோண்டியெடுத்து ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டினார்கள். அந்த டிசம்பரில் முடிவு வெளியானது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் உண்மையில் ரத்தத்தில் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஏறத்தாழ மூன்று மடங்கு. 2022-இல் வந்த இன்னோர் ஆய்வு, இந்தப் பொய் எண்ணால் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி நோயாளிகளுக்குக் கொரோனா சிகிச்சைக்கான தகுதியே தாமதமாகத் தெரிந்தது என்று காட்டியது.

அமெரிக்க எஃப்.டி.ஏ.-வின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் என்ன சொன்னது தெரியுமா? சோதனையில் குறைந்தது இரண்டு பேர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம், இதில் எது பெரிதோ அத்தனை பேர் அடர்நிறத் தோல் உள்ளவர்களாக இருந்தால் போதும். பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் இரண்டு பேர். அதே வழிகாட்டுதல் விரலில் ஊடுருவும் உணரிக்கு 3 சதவீதப் பிழையையும், காது கிளிப்புக்கும் நெற்றி உணரிக்கும் 3.5 சதவீதப் பிழையையும் அனுமதித்தது. மாற்று இடத்தை நம்பி இருப்பவருக்குச் சற்றுத் தளர்வான அளவுகோல்.

ஒரு எழுத்தாளரின் கட்டுரையும், கேள்வி கேட்ட மருத்துவர்களும், கறுப்பின மக்களின் குரலும் சேர்ந்து அழுத்தம் கொடுத்த பிறகே நகர்வு வந்தது. பிரிட்டனில் மார்கரெட் வைட்ஹெட் தலைமையிலான குழுவின் அறிக்கை 2024 மார்ச்சில் வெளியானது. 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. புதிய வரைவை வெளியிட்டது: 150 பேர் அளவில் சோதிக்க வேண்டும், எல்லாத் தோல் நிறமும் அதில் இருக்க வேண்டும். பத்திலிருந்து நூற்றைம்பதுக்கு. கேள்வி கேட்டால் அளவுகோல் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உணரியை விரலிலிருந்து காதுக்கு மாற்றினால் நிறத்தின் சிக்கல் தீர்ந்துவிடாது. காதிலும் நெற்றியிலும் அதே தோல்தான். இடத்தை மாற்றினால் துடிப்பு கிடைக்கலாம், அட்டவணை மாறாது.

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கறுப்பினத்தவரின் அனுபவத்தை அப்படியே எடுத்து "தலித் என்றால் கறுப்பு, ஆகவே" என்று எழுதிவிட வேண்டாம். சாதி தோலின் நிறத்தில் இல்லை. சேரியிலும் எல்லா நிறமும் உண்டு, அக்ரகாரத்திலும் எல்லா நிறமும் உண்டு. நிறத்தை வைத்துச் சாதி சொல்வது நம்மை ஒடுக்குபவர்களின் பழக்கம். நிறத்தின் பிழை அடர்நிறம் கொண்ட எல்லாத் தமிழர்களையும் தொடும், சாதி பார்க்காது. ஆனால் பிழை நேர்ந்தபின் அதைத் திருத்த யாருக்கு வழி இருக்கிறது என்பதில்தான் சாதியும் வர்க்கமும் நுழைகின்றன. உடனே தமனி ரத்தப் பரிசோதனை செய்யும் இயந்திரமும், நெற்றி உணரியும், இரண்டாவது மயக்க மருத்துவரும் உள்ள மருத்துவமனையில் ஒருவர் படுத்திருக்கிறார். ஒரே ஒரு பழைய விரல் கிளிப் உள்ள இடத்தில் இன்னொருவர் படுத்திருக்கிறார். கருவி இருவருக்கும் ஒரே பொய்யைச் சொல்லலாம். ஒருவரிடம் மட்டும் அந்தப் பொய் மாட்டிக்கொள்ளும்.

கை மாறிய தெர்மாமீட்டர்

அளவீட்டுக்கும் சாதிக்கும் உள்ள உறவை பாபாசாகேப் எழுதிவைத்திருக்கிறார். "வெயிட்டிங் ஃபார் எ விசா" நூலில், 1929 டிசம்பரில் "யங் இந்தியா"வில் வந்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். எழுதியவர் கத்தியவாரில் ஒரு கிராமத்தில் ஆசிரியராக இருந்த தீண்டப்படாதவர். குழந்தை பெற்ற மனைவிக்கு உடல்நிலை மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். நோயாளியை வெளியே கொண்டுவரச் சொல்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் ஆசிரியரிடம் கொடுக்கிறார், ஆசிரியர் மனைவிக்கு வைக்கிறார், பிறகு அதே வழியில் அது திரும்பிப் போகிறது. விளக்கொளியில் அதைப் பார்த்து, நோயாளியைத் தொடாமலே, நிமோனியா என்கிறார் மருத்துவர். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

தெர்மாமீட்டரில் பிழை எதுவும் இல்லை. எண் சரியாகவே இருந்திருக்கும். எண்ணை வாங்கிக்கொண்டு மனிதரைத் தள்ளிவைத்ததால் ஓர் உயிர் போனது. எண் மட்டும் போதும் என்று நினைக்கிற மருத்துவத்தின் ஆபத்தை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியாது. ஆக்சிமீட்டர் வருவதற்கு முன் மயக்க மருத்துவர்கள் உதட்டின் நீலத்தையும் ரத்தத்தின் நிறத்தையும் பார்த்துத்தான் ஆக்சிஜன் குறைவை ஊகித்தார்கள். அதுவும் நம்பத்தக்கதல்ல என்று 1947-இலேயே காம்ரோ, போட்டெல்ஹோ இருவரும் காட்டிவிட்டார்கள். அடர்நிறத் தோலில் நீலம் தெரிவது இன்னும் கடினம். ஆகவே பழையபடி கண்ணை நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணையும் பாருங்கள், திரையில் ஓடும் துடிப்பின் அலையையும் பாருங்கள், ஆளையும் பாருங்கள், ஐயம் வந்தால் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்கிறேன். நல்ல மயக்க மருத்துவர்கள் செய்வதும் இதுதான்.

"பயமுறுத்தாதீர்கள்" என்பவர்களுக்கு

இப்படி எழுதினால் மக்கள் கருவியை நம்பாமல் போய்விடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கவலை, பதில் சொல்கிறேன். ஆக்சிமீட்டர் இல்லாத தியேட்டரைவிட, பிழையுள்ள ஆக்சிமீட்டர் இருக்கும் தியேட்டர் எத்தனையோ மேல். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், நோயாளிக்கு ஆக்சிமீட்டர் மாட்டி அது வேலை செய்கிறதா என்பது மயக்க மருந்து கொடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. 2010-இல் "லான்செட்" இதழில் வந்த ஆய்வு, உலகில் ஏறத்தாழ 77,700 தியேட்டர்களில் ஆக்சிமீட்டரே இல்லை என்று மதிப்பிட்டது. அவை எந்த நாடுகளில் இருக்கும் என்று ஊகிக்கலாம்.

நாம் கருவியைக் குறைக்கச் சொல்லவில்லை. கருவி எல்லா இடத்திலும் வேண்டும், எல்லா உடலுக்கும் பொருந்தவும் வேண்டும் என்கிறோம். ஏழைக்கு இருப்பதே பெரிது, சரியாக இருக்க வேண்டுமா என்ற தொனியை நாம் ரேஷன் அரிசியிலும் கேட்டிருக்கிறோம், ஆதிதிராவிடர் நல விடுதியிலும் கேட்டிருக்கிறோம். தியேட்டரிலும் அதை ஏற்க வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

வீட்டில் யாருக்காவது அறுவை என்றால், "ஃபிட்னஸ்" பார்க்கும் மயக்க மருத்துவரிடம் கையைக் காட்டுங்கள். இழந்த விரல், பழைய தீக்காயம், தடித்த நகம், தொழுநோய், அரிவாள் செல் நோய் எதுவானாலும் முன்கூட்டிச் சொல்லுங்கள். மருதாணியையும் நகப்பூச்சையும் அகற்றுங்கள். "விரலில் கிடைக்காவிட்டால் எங்கே மாட்டுவீர்கள், அதற்கான உணரி இருக்கிறதா?" என்று கேளுங்கள். மரியாதையோடு கேட்கிற கேள்விதான் இது. பல மருத்துவர்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள்.

ரத்தசோகை இருந்தால் அதையும் சொல்லுங்கள். கருவி காட்டுவது இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே. ஹீமோகுளோபின் 14 உள்ளவருக்கும் 7 உள்ளவருக்கும் 99 என்றே காட்டும். இரண்டாமவர் ரத்தம் சுமப்பது ஏறத்தாழப் பாதி ஆக்சிஜனைத்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எத்தனை தியேட்டர், ஒவ்வொன்றிலும் வேலை செய்யும் ஆக்சிமீட்டர் உண்டா, காது, நெற்றி, பச்சிளங்குழந்தை உணரிகள் உண்டா, தமனி ரத்தப் பரிசோதனை இரவிலும் கிடைக்குமா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதன் டெண்டர் நிபந்தனைகளில் அடர்நிறத் தோலில் சோதித்த தரவைக் கேட்கிறார்களா, மாற்று இட உணரிகளைச் சேர்த்து வாங்குகிறார்களா என்று கேளுங்கள். ஒரு நிபந்தனை வரியை மாற்றினால் ஆயிரக்கணக்கான மேசைகளில் அது மாறும்.

மருத்துவமும் செவிலியமும் பயோமெடிக்கல் பொறியியலும் படிக்கும் தங்கைகளே, தம்பிகளே, உங்களுக்கு இன்னும் பெரிய வேலை. நம் மக்களின் கைகளை, நம் மக்களின் நிறத்தில், நம் ஊர் மருத்துவமனைகளிலேயே சோதியுங்கள். கருவி காட்டியதையும் ரத்தப் பரிசோதனை சொன்னதையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். மிச்சிகன் மருத்துவர்கள் புதிதாக எந்தக் கருவியையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பதிவுகளைப் புதிய கேள்வியோடு படித்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் மருத்துவக் கல்லூரிக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இடஒதுக்கீட்டுக்காக இத்தனை ஆண்டுகள் போராடினோம்.

"சிக்னல் கிடைக்கவில்லை" என்று திரையில் வந்தால் குற்றத்தை விரல்மீது போடாதீர்கள். அந்த விரல் வேலை செய்த விரல். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியது கருவி.

ஜெய் பீம்.